ஐஸ் மேடையில் விழுந்தவர்

போன மாதம் எங்கள் பழைய ஐஸ் கம்பெனியில், வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற ஒருவர் மேடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாள் மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, ஒரு நடை வந்து இவங்களுக்கு நாலு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அந்தத் தரைய உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?"

போனேன். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "பாத்து நடங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன். மேனேஜர் வாசல்வரை வந்து, "எழுதியாவது குடுங்கண்ணே, இந்தி தெரிஞ்சவர வெச்சிப் படிச்சிக் காட்டறேன்" என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் தினம் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன். காகிதம் என் முகத்தைப் பார்க்காது. அதனால் எழுதுகிறேன்.

"பாத்து நட" என்பது அந்தத் தரையில் உதவாத வார்த்தை. இதை எனக்குச் சொன்னவர் மேஸ்திரி தணிகாசலம். பார்த்தால் தெரிகிற வழுக்கலில் யாரும் விழுவதில்லை, பார்வைக்குத் தெரியாததில்தான் விழுகிறான் என்பார்.

கல்யாணமான புதிதில், எங்கள் ஊர் உறுவையாற்றில் கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தபோது அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வருஷம் கேன் கழுவினேன், தண்ணீர் பிடித்தேன். பிறகு செயின் இழுத்தேன். பிறகுதான் மேடைக்கு வந்தேன். அந்த மேடையிலேயே என் இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. வயசாகி ஓய்வு பெறவில்லை, குளிர் தாங்காமல் நின்றுவிட்டேன்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதன் குளிருக்கு நல்ல தண்ணீர் உறைந்துவிடும், உப்புத் தண்ணீர் உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை அதற்குள் இறக்கி, மேலே மரப்பலகை போட்டு மூடிவிடுவோம். உறைந்த பிறகு செயின் போட்டுக் கேனைத் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால், கட்டி கழன்று மேடைக்கு வரும். அதை நாங்கள் பார் என்போம். ஒரு பார் ஒரு ஆள் எடைக்குக் குறையாது. கொக்கி போட்டு அதை மேடையின் கோடிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். மேடை கோடியை நோக்கிக் கொஞ்சம் சரிவு. அங்கேயிருந்து சறுக்குப் பலகை வழியாக லாரிக்கோ, மீன்காரர்களுக்கு ஐஸ் நொறுக்கும் மிஷினுக்கோ போகும்.

அந்த மேடையில் ஈரம் காய்ந்த நாளே கிடையாது. பார் உரசிப்போன இடத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலம் இருக்கும். கேனிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் சிமெண்டில் பட்டால் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிடும். அம்மோனியாக் குழாய்மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி பூத்து, தட்டினால் பொலபொலவென்று கொட்டும். கலியன் அதைச் சுரண்டி உருட்டி, குனிந்திருக்கிறவன் சட்டைக்குள் போடுவான். கலியன் என்னோடு மேடையில் வேலை செய்தவன், வாய் ஓயாதவன். அவனுடைய பெரியப்பா மகன் பிரான்சில் இருக்கிறான். ஒரு வருஷம் அவன் அங்கே தெருப்பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்ட அதே சமயம், கலியன் இங்கே மேடையில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். இரண்டு பேரும் மாவுக்கட்டைப் போட்டோ எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டார்கள்.

"அவன் ஏரோப்ளேன் ஏறிப் போயி பனியில உழுந்தான்டா. நான் டவுன் பஸ் ஏறி வந்து உழுந்தேன். யாரு கெட்டிக்காரன்?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான். அவனுடைய அந்தக் கை இன்றைக்கும் முழுசாக மடங்காது.

நாங்கள் செருப்போ பூட்ஸோ போடவில்லை. முதலாளி வாங்கிக்கொடுத்த ரப்பர் பூட்ஸ் அடி தேய்ந்ததும் வெறுங்காலைவிட மோசமாக வழுக்கியது. கோணிச் சாக்கைக் கிழித்துப் பாதத்தில் சுற்றிச் சணலால் கட்டிக்கொள்வோம். மேடையில் நெல் உமி தூவுவோம். உமி அபிஷேகப்பாக்கத்து மில்லிலிருந்து மூட்டையாக வரும். ஈரத்தில் ஊறிய உமி காலைப் பிடித்துக்கொள்ளும்.

மேஸ்திரி ஒல்லியான ஆள். குரல் உயர்த்தமாட்டார். பார் இழுக்க ஆரம்பிக்குமுன் அவர் மட்டும் சாக்கை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பார். தொலைந்த மூக்குத்தியைக் காலால் தேடுகிற மாதிரி உள்ளங்காலை அழுத்தி அழுத்தி வைப்பார். எங்கேயாவது நின்று கட்டைவிரலால் இரண்டு தரம் தட்டினால் அங்கே உமி போட வேண்டும். அவர் திரும்பி வந்து காலில் சாக்கைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் முதல் கேன் சாயும். லாரிக்காரன் ஹார்ன் அடித்தாலும், முதலாளியே வந்து நின்றாலும் அந்த நடை குறையாது.

இரண்டு விஷயத்தில்தான் அவர் கண்டிப்பு. ஒன்று, கால் போய்விட்டது என்று தெரிந்தால் கொக்கியை விட்டுவிட வேண்டும். "பார் ஓடுனா ஓடட்டும் வுடு. ஒடஞ்சா நாளைக்கி இன்னொண்ணு ஒறையும். உன்ன எந்தக் கேன்ல ஊத்தி ஒறைய வெக்கறது?"

மற்றது, விழுந்தவனைத் தொடக் கூடாது.

ஐஸில் விழுவது கல் தடுக்கி விழுவது போல இல்லை. தடுக்கினால் ஆள் முன்னால் விழுவான், கை ஊன்றும். ஐஸில் கால் முன்னால் ஓடிவிடும். ஆள் அப்படியே பின்னால் உட்கார்ந்து, மல்லாந்து அடிபடுவான். இடுப்பு, முதுகு, பின்மண்டை. நம் ஊரில் ஒருவன் விழுந்தால் சுற்றி இருப்பவன் முதலில் செய்வது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பதுதான். சோடா கொடுப்பான், நீவிவிடுவான். மேஸ்திரி அதற்கு விடமாட்டார். விழுந்தவன் பக்கத்தில் குந்தி, தன் முகம் அவன் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி வைத்துக்கொள்வார்.

"எம் மூஞ்சியப் பாரு. தலைய ஆட்டாத. எங்க வலிக்குது?"

அவன் சொன்ன பிறகு, "கைவெரல ஆட்டு. கால்வெரல ஆட்டு" என்பார். பிறகு அவனுக்குத் தெரியாமல் ஒரு காலின் கட்டைவிரலைக் கிள்ளி, எந்தக் கால் என்று கேட்பார். கலியன் ஒருமுறை அப்படிக் கிடந்தபோது, "ரெண்டு காலும் என்னுதுதான் மேஸ்திரி, எத வேணா கிள்ளுங்க" என்றான். மேஸ்திரி சிரிக்கவில்லை. முதுகில் வலி என்று சொன்னவனை யாரும் கையால் தூக்கக் கூடாது. தொட்டியின் மூடிப் பலகையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாக, எல்லாரும் ஒரே சமயத்தில் நகர்த்தி அதில் ஏற்ற வேண்டும். அவர் சொல்லும்வரை ஒருத்தரும் அசையக் கூடாது.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அண்ணன் பனைமரத்திலிருந்து விழுந்தாராம். வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்களாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பல வருஷம் படுக்கையில் கிடந்து செத்தாராம். "மரத்துலேர்ந்து உழுந்ததுல பாதி, தோள்ல போட்டதுல மீதின்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல்நாளே ஒரு கேனில் சாமந்தியும் அரளியும் ஒரு எலுமிச்சம்பழமும் போட்டு இறக்கிவிடுவோம். மறுநாள் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி பூவெல்லாம் உறைந்து நிற்கும். அதற்குப் பூ பார் என்று பெயர். கற்பூரம் காட்டியதும் அந்த ஒரு பாரை மேஸ்திரி மேடையில் நடத்திக்கொண்டு வருவார். கோடியில் மீன் விற்கிற பெண்கள் அன்னக்கூடையோடு நிற்பார்கள். பூ பாரை நொறுக்கி முதலில் அவர்கள் கூடையில் போடுவோம். அந்த ஐஸ் பட்ட மீன் விற்காமல் மிஞ்சாது என்று அவர்களுக்கு நம்பிக்கை. எங்கள் வீட்டுப் பெண்களும் வருவார்கள். மற்ற நாளில் அந்தக் கோடியில் யாரையும் நிற்க விடமாட்டோம். அன்றைக்கு மட்டும் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், பூ பார் வருவதைப் பார்க்க.

பூஜைக்கு முன்னால் மேடையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். உமியை ஒரு பொட்டு இல்லாமல் வாரிவிடுவோம். சாமி நிற்கிற இடத்தில் அழுக்குச் சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கலாமா என்று எல்லாரும் வெறுங்காலோடு நிற்போம். வருஷத்தில் அந்த மேடை மிகவும் சுத்தமாக இருந்த நாளும், மிகவும் மோசமாக வழுக்கிய நாளும் அதுதான். அது யாருக்கும் தோன்றவில்லை. பூஜை அன்று என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தோம்.

ஒரு வருஷம் முதலாளியின் மகள்கள் மேடையின் நடுவில் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். மேஸ்திரி தன்னுடைய நடையை நடக்கவில்லை. கோலத்தை மிதித்துக்கொண்டு எப்படி நடப்பது? புது வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு பூ பாரில் கொக்கியைப் போட்டார். கலியன் மணி அடித்தான். நான் செயின் பக்கம் நின்றேன். கோடியில், பெண்களுக்கெல்லாம் முன்னால், மேஸ்திரியின் மனைவி சரோஜா அக்கா பொரித்தட்டோடு நின்றார்.

கோலத்தை மிதிக்காமல் இருக்க மேஸ்திரி தொட்டி ஓரமாக ஒதுங்கி நடந்தார். அந்த ஓரத்தில் கேனிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியிருந்தது. முன்னங்கால் போனதை நான் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் அவர் கை கொக்கியை விட்டிருக்கும். அன்றைக்குச் சரிவுக்குக் கீழே பெண்கள் நின்றார்கள். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் கொக்கியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே மல்லாந்து விழுந்தார். மேடை விளிம்பில் இருந்த இரும்புப் பட்டையில் முதுகு அடிபட்டது. பார் பக்கவாட்டில் திரும்பி, சுவரில் முட்டி நின்றது.

நான் ஓடிப்போய்க் குந்தினேன். அவர் எங்களுக்குச் செய்ததையே செய்தேன்.

"மேஸ்திரி, எம் மூஞ்சியப் பாருங்க. எங்க வலிக்குது?"

"முதுவு. நடு முதுவு."

"கால்வெரல ஆட்டுங்க."

ஆட்டினார். வலது கால் விரல்கள் விரிந்து மடங்கின. இடது கால் விரல்களும் மடங்கின. எனக்கு மூச்சு வந்தது. "கலியா, பலகைய எடுத்தா" என்றேன்.

அதற்குள் கூட்டம் மேடைமேல் ஏறிவிட்டது. முதலாளி, "சாமி முன்னால ஆளு உழுந்து கெடக்கக் கூடாதுப்பா, எடுங்க, எடுங்க" என்றார். வயசானவர், பயந்துபோய்ச் சொன்னார். கீழேயிருந்து சரோஜா அக்கா அலறினார்.

"பாத்துக்கினே நிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசனுங்களா? தூக்குங்கடா அவர! தூக்குங்க!"

"தொடாதீங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரோஜா அக்கா தட்டைப் போட்டுவிட்டுச் சறுக்குப் பலகை வழியாகவே ஏற ஆரம்பித்தார். ஈரப் பலகை, வெறுங்கால். மேஸ்திரி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"அவள ஏற வுடாதீங்க. உழுந்துடுவா. என்ன எடுத்துடுங்க, எடுத்துடுங்கடா."

அவரே சொன்ன பிறகு யார் நிற்பார்கள்? இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். உடம்பு நடுவில் தொய்ந்தது. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கத்தல் இல்லை. மூட்டை இறக்குகிறவன் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சோடா கொடுத்தார்கள். பிறகு முதலாளி காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். தலை சரோஜா அக்கா மடியில், கால் என் மடியில்.

வில்லியனூர் தாண்டும்போது, "கால்ல எறும்பு ஊர்ற மாரி இருக்குது" என்றார். நான் பாதத்தைத் தேய்த்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனோம். பிறகு கேட்டார்.

"எங் கால எங்கடா வெச்சிருக்கீங்க?"

"எம் மடியிலதான் இருக்குது மேஸ்திரி."

"புடிச்சிக்கினு இருக்கியா?"

"புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார். அவருடைய பாதத்தை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். முதுகெலும்பு ஒன்று நொறுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்.

"விழுந்த உடனே கால் அசைஞ்சுதா? யாராவது பாத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். மேடையில் உமி போடச் சொல்லும்போது பார்க்கிற பார்வைதான் அது. பிறகு டாக்டரிடம் சொன்னார்.

"இல்ல சார். உழுந்ததுமே போயிடுச்சி. அப்பவே மரத்துப் போச்சி."

சரோஜா அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் வெளியே போகும்போது பின்னாலேயே போய், அசைந்தது, நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நல்லது என்றார். செய்யப்போகிற ஆபரேஷன் இரண்டுக்கும் ஒன்றுதான், உடனே செய்கிறோம் என்றார். தூக்கியதால்தான் போச்சா சார் என்று கேட்டேன். "இருக்கலாம். எலும்பு அந்த அளவு நொறுங்கினா, தூக்காமலே கொஞ்ச நேரத்தில் போகிறதும் உண்டு. உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை கிடைத்த பதில் அவ்வளவுதான்.

ஆபரேஷன் நடந்தது. கால் வரவில்லை.

சில நாள் கழித்து, அக்கா துணி துவைக்கப் போயிருந்தபோது மேஸ்திரி என்னைக் கிட்டத்தில் வரச் சொன்னார்.

"நீ பாத்த இல்ல."

"பாத்தேன் மேஸ்திரி."

"பாக்கல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க அண்ணனத் தோள்ல போட்டுக்கினு ஓடனது யாரு தெரியுமா? எங்க அப்பா. ஆஸ்பத்திரில அந்தப் பேச்சக் கேட்டதுலேர்ந்து அவரு சாவற வரைக்கும் அண்ணன் மூஞ்சியப் பாக்கல. ஒரே வூட்டுல இருந்துக்கினு பாக்கல. அவன் சோறு துன்றப்ப எழுந்து வெளிய போயிடுவாரு. எங்கண்ணனுக்குக் கால் போனதவிட அதான் பெருசா இருந்துச்சி. சரோஜா என்னப் பாக்கணும்பா. அவ தூக்குங்கன்னு கத்துனா. காலு அதுக்கு முன்னாலயே போயிடுச்சி. அவ்ளோதான். வெளங்குதா?"

"வெளங்குது மேஸ்திரி."

அதற்குப் பிறகு பல வருஷம் அவர் வீட்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஜன்னலோரம் கட்டில். அக்கா அவரைத் திருப்பிப் போடுவார், புண் வராமல் பவுடர் தடவுவார், உட்கார வைத்துத் தாடி மழிப்பார். மழிக்கும்போது இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அக்கா அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "ஆடாதய்யா, அறுத்துக்கப் போற" என்பார். "அறுத்தாதான் இன்னா, நீதான இருக்க" என்பார் அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னிடம் அவர் கேட்பதெல்லாம் தரையைப் பற்றித்தான். உமி நல்லா வருதா, அந்தத் தொட்டி ஓரத்தை ஒட்டி யாரையும் நடக்க விடாதே, இப்படி.

அவர் இடத்தில் என்னை வைத்தார்கள். கத்தத் தெரியாத எனக்கு அவருடைய நடை போதுமாக இருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளியிடம் போய் நின்றேன். பேச்சு வரவில்லை. அவரே, "இன்னா செய்யணும்னு நீயே செய்யி" என்றார். மேடையில் உமி இருக்கட்டும், கோலம் வாசல் கேட்டுக்கு வெளியே போடட்டும், பெண்கள் அங்கேயே நிற்கட்டும் என்று வைத்தோம். சாமி முன்னால் சாக்குக்காலோடு நிற்பதா என்று ஒருத்தர் முணுமுணுத்தார். "சாமி இந்த மேடைல ஏறுனா அதுக்கும் ஒரு சாக்கு கட்டி வுடுவோம்" என்றான் கலியன். பூ பாரை நான் நடத்திக்கொண்டு போனேன். வழி முழுக்க என் கண் பூவில் இல்லை, காலில்தான் இருந்தது.

இப்போது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கால் போனால் கொக்கியை விடுங்கள். சரிவுக்குக் கீழே, எந்த நல்ல நாளாக இருந்தாலும், யாரையும் நிற்க விடாதீர்கள். ஆள் நின்றால் நீங்கள் கொக்கியை விடமாட்டீர்கள், மனுஷனால் முடியாது. விழுந்தவரைத் தொடாதீர்கள். பக்கத்தில் குந்தி உங்கள் முகத்தைக் காட்டுங்கள். எங்கே வலி என்று அவரே சொல்லட்டும். சுற்றி நிற்கிறவர்கள் தூக்கு தூக்கு என்று கத்துவார்கள். பாசம் உள்ளவர்கள்தான் முதலில் கத்துவார்கள். அவர்களைக் கோபிக்காமல், ஒருத்தர் தனியே அழைத்துப்போய் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கும் ஒரு ஆள் வேண்டும். எங்களுக்கு அன்றைக்கு அப்படி ஒரு ஆள் இல்லை.

மேஸ்திரி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வருகிற சிறுநீர்க் காய்ச்சல்தான். போன வருஷம் சரோஜா அக்காவும் போய்விட்டார். அவர்கள் மகளிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க மாமா, அப்பா விழுந்தது யாருக்காவது உதவட்டும் என்றாள். அதனால்தான் விரல் அசைந்ததை இங்கே எழுதினேன். அக்கா இருந்தவரை எழுதியிருக்கமாட்டேன்.

மேஸ்திரியின் கருமாதி முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா மட்டும் இருந்தார். கட்டிலில் இருந்த மெத்தையை வெயிலில் போட்டிருந்தார். வெறும் கட்டில் ஜன்னலோரம் நின்றது. எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, உன்ன ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"அவரு உழுந்தப்ப நீதான மொதல்ல கிட்ட போன. காலு ஆடுச்சா?"

பல வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதனால் தடுமாறாமல் வந்தது.

"ஆடலக்கா. உழுந்ததுமே போயிடுச்சி."

அக்கா என்னையே பார்த்தார்.

"அவரும் இதான் சொன்னாரு. எப்பக் கேட்டாலும் இதே வார்த்ததான். சொவத்தப் பாத்துக்கினு சொல்லுவாரு. நீயும் சொவத்தத்தான் பாக்கற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காபி ஆறி, ஆடை படிந்துவிட்டது. வெளியே ஒரு ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது. அக்கா எழுந்தார்.

"சரி. ஆடலன்னே இருக்கட்டும்" என்றார். "அந்தக் கட்டில வெளிய போடணும். ஒத்த ஆளா முடியல. ஒரு கை புடிக்கிறியா?"

நான் கால்மாட்டுப் பக்கம் போய்க் குனிந்து சட்டத்தைப் பிடித்தேன். அக்கா தலைமாட்டைப் பிடித்தார்.

"இரு தம்பி. நான் சொன்னதும் தூக்கு."

சரி என்றேன். அக்கா குனிந்தபடியே, சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, மேஸ்திரி தலை வைத்துப் படுத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இடுப்பு வலித்தது. நான் நிமிரவில்லை, தூக்கவும் இல்லை. அக்கா சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.